எடை போடுமுன் தராசைப் பாருங்கள்

பேராதனை வளாகத்தில் கணினி பயிலும் தம்பி தங்கைகளுக்கு,

தரவு சரிபார்க்கும் கருவிகளுள் எது சிறந்தது என்று ஒப்பிட்டு எழுதப்போவதாகச் சொன்னீர்கள். உங்கள் முடிவை நம்பி ஒருவர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கோ பரீட்சை விண்ணப்பத்துக்கோ கருவி தெரிவு செய்வார். நேர்மையான கடைக்காரர் எடை போடுமுன் வெறுந்தட்டுகள் சமமாக நிற்பதைக் காட்டுவார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

1. வேகத்துக்கு முன் விடை சரியா என்று பாருங்கள். நமது இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கம் 2016 முதல் 12 இலக்கம் கொண்டது. பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூடும். இதில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள்தான். 1999 மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு 060 அல்ல, 061, பெண்ணுக்கு 561. இது தெரியாமல் எழுதிய விதி, பிறந்த திகதி பொருந்தவில்லை என்று நல்ல அட்டையைத் தள்ளிவிடும். எவ்வளவு விரைவாகத் தள்ளினாலும் அது பிழைதான்.

2. விதியின் பொருள் எல்லாக் கருவிக்கும் ஒன்றா என்று பாருங்கள். 'பேராதனை' நமக்கு 4 எழுத்து. பைதான் நீளம் கேட்டால் 7 என்கிறது. யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் 21. ஊர்ப் பெயருக்கு 20 என்று எல்லை வைத்தால், பைட்டை எண்ணும் கருவியில் நம் ஊரே நுழைய முடியாது.

3. வேலையின் அளவைச் சமப்படுத்துங்கள். ஏஜேவி என்ற கருவி வழமையாக முதற்பிழையோடு நின்றுவிடும். ஸாட் என்ற கருவி எல்லாப் பிழைகளையும் திரட்டித் தரும். இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பிறகே நேரம் பாருங்கள்.

4. ஆயத்த நேரத்தைத் தனியாக எழுதுங்கள். நான் ஒருமுறை ஒரு கருவிக்கு விதிகளை முன்கூட்டியே தயாரித்துவிட்டு, மற்றதற்கு லூப்புக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகத் தயாரித்தேன். மந்தம் என்று நான் ஒதுக்கிய அந்தக் கருவியில் குறை எதுவும் இருக்கவில்லை. அந்த முடிவைத் திருத்தி அறிவிக்கும்போதுதான் இந்தப் பாடம் மனதில் பதிந்தது.

5. நல்ல பதிவுகளோடு பழுதானவற்றையும் கலந்து கொடுங்கள். பழுதான பதிவு வரும்போதுதான் சில கருவிகள் தடுமாறும். உண்மையான ஆட்களின் அட்டை இலக்கங்களைத் தொடாதீர்கள்; விதிப்படி நீங்களே உருவாக்குங்கள்.

6. ஒரே கணினியில், மின்னிணைப்போடு, பல தடவை ஓட்டுங்கள். ஓட்டும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். மிகச் சிறந்த ஓட்டத்தை மட்டும் பொறுக்காமல், இடைநிலையையும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7. பதிப்பு இலக்கத்தைக் குறியுங்கள். பைடான்டிக் என்ற கருவி 2023 ஜூனில் இரண்டாம் பதிப்பாக வந்தபோது அதன் உட்கரு ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்டிருந்தது. பழைய பதிப்பை அளந்த கணக்கு புதியதற்குச் செல்லாது.

8. நிரலையும் தரவையும் வெளியிடுமுன், தோற்ற கருவியை ஆக்கியவருக்கு அனுப்புங்கள். அவர் காட்டும் குறையைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். "என் கருவியை முறையாகத்தான் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று அவர் சொன்னால், உங்கள் தராசு சரி. அதன் பிறகு முடிவை எழுதுங்கள்.