இணையப் பக்கத்தில் வடிவமும் பொருளும்

அச்சகத்துக்குச் செல்லும் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பதிப்பாசிரியர் சில குறிகளை இட்டு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். ‘இது அதிகாரத் தலைப்பு’, ‘இது மேற்கோள்’, ‘இச்சொல்லைச் சாய்வெழுத்தில் கோக்கவும்’ என்பன போன்ற அக்குறிகளைக் கண்டே அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துக்களை அடுக்குவார். இணையப் பக்கங்களை அமைக்க உதவும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி இவ்வழக்கத்தின் வழிவந்ததாகும். வாசகத்தினிடையே ‘டேக்’ எனப்படும் குறிகளை எழுதி வைக்க, பிரௌசர் எனப்படும் உலாவி அவற்றைப் படித்துத் திரையில் பக்கத்தை உருவாக்கிக் காட்டுகிறது.

மேலே கூறிய மூன்று குறிகளையும் மீண்டும் நோக்குக. முதல் இரண்டும் ஒரு பகுதி இன்னது என்று அறிவிக்கின்றன. மூன்றாவது அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. முதல் வகையைப் பொருட்குறி என்றும் பின்னதை வடிவக்குறி என்றும் இங்கு வழங்குவோம். கண்ணால் காண்பவருக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். காணும் கருவி மாறும்பொழுதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியிட்ட முதற் குறிகளில் பெரும்பாலானவை பொருட்குறிகளே. தலைப்பு, பத்தி, பட்டியல், முகவரி ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்நிலையத்தில் பல வகைக் கணிப்பொறிகள் இருந்தன. சிலவற்றின் திரையில் ஒரே அளவுள்ள எழுத்துக்களை மட்டுமே வரிவரியாகக் காட்ட முடிந்தது. எழுதுபவர் படிப்பவரின் கருவியை அறியார். ஆகவே ‘இது தலைப்பு’ என்று மட்டும் அறிவித்துவிட்டு, அதை எவ்வாறு காட்டுவது என்பதைக் கருவிக்கே விட்டுவிடுவது உசிதமாயிருந்தது.

பின்னர் நெட்ஸ்கேப் நிறுவனமும் மைக்ரோசாப்ட் நிறுவனமும் போட்டியிட்ட ஆண்டுகளில் இந்நெறி தளர்ந்தது. எழுத்தின் பெயர், நிறம், அளவு ஆகியவற்றைக் கூறும் வடிவக்குறிகள் பெருகின. ஒவ்வோர் உலாவியும் தனக்கே உரிய குறிகளைச் சேர்த்துக்கொண்டது. ‘இப்பக்கம் இன்ன உலாவியில்தான் சரியாகத் தெரியும்’ என்ற அறிவிப்பு அக்காலப் பக்கங்களின் அடியில் சாதாரணமாகக் காணப்பட்டது. வடிவம் பற்றிய விதிகளை எல்லாம் தனியொரு நடைத்தாளில் எழுதிப் பொருட்குறிகளினின்று பிரித்து வைக்கும் சி.எஸ்.எஸ். முறை 1996 டிசம்பரில் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும் அது நடைமுறையில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின.

ஹைதராபாத் கண்ட இடர்ப்பாடு

ஆங்கிலப் பக்கங்களில் இத்தளர்ச்சி அழகுக்கேடாக முடிந்தது என்றால், இந்திய மொழிப் பக்கங்களில் எழுத்தையே இழக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஈநாடு, வார்த்தா ஆகிய தெலுங்கு நாளிதழ்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தெலுங்குக்கும் தமிழுக்கும் யூனிகோடு தொகுப்பில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. எனினும், பரவலாக வழங்கிய விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. தெலுங்கு அதற்கும் அடுத்த எக்ஸ்.பி. பதிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. நாள்தோறும் செய்தி வெளியிட வேண்டியவர்கள் அதுவரை கைகட்டி இருக்க இயலுமா? ஆகவே ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவைச் செய்துகொண்டது. ஆங்கில எழுத்துக்களுக்கும் ஐரோப்பியக் குறியெழுத்துக்களுக்கும் உரிய எண்களின் இடத்தில் தெலுங்கு எழுத்தின் துண்டுகள் அமர்த்தப்பட்டன. கணிப்பொறியின் நினைவில் இருப்பது ரோமன் எழுத்துக் கோவை. அதன்மேல் தெலுங்கு முகமூடி ஒன்று போர்த்தப்பட்டிருக்கும். இதில் அவ்விதழ்களைக் குறைகூறுவது நியாயமன்று. அன்று வேறு வழி இருக்கவில்லை. தமிழ் நாளிதழ்களும் இவ்வாறே செய்தன.

தமிழில் ‘கொடி’ என்ற சொல்லைக் கொண்டு இதன் விளைவை அறியலாம். யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது ‘க’ என்னும் மெய்யெழுத்தின் எண்ணும், அதைத் தொடரும் ‘ஒ’கர உயிர்க்குறியின் எண்ணுமாக இரண்டே எண்களால் பதிவாகிறது, உச்சரிப்பின் வரிசையே பதிவின் வரிசை. பழைய எழுத்துருக்களிலோ, முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ‘க’, அதன்பின் கால் என மூன்று துண்டுகள், கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிவாயின. இத்துண்டுகளுக்கு ஓர் இதழ் கொடுத்த எண்கள் வேறு, மற்றோர் இதழ் கொடுத்த எண்கள் வேறு. ஐந்து இதழ்களில் வந்த ஒரே சொல் ஐந்து வேறு சொற்களாகக் கணிப்பொறிக்குத் தென்பட்டது. ஒற்றெழுத்துக்கள் அடியில் தொங்கும் தெலுங்கில் துண்டுகளின் தொகை இன்னும் மிகுதி.

முகமூடி உரிய இடத்தில் இருந்தவரை படிப்பவருக்குத் தொல்லையில்லை. ஆனால் எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துக்களே தோன்றும். எழுத்துருவைப் பக்கத்துடனேயே அனுப்பி வைக்கும் இயங்கு எழுத்துரு என்னும் ஏற்பாடு 1997இல் வந்தது. அதிலும் இரு உலாவிகள் இரு வழிகளில் சென்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பு. நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை. நெட்ஸ்கேப் தனது 6ஆம் பதிப்பில் அவ்வசதியைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் உலாவியோ எக்ஸ்ப்ளோரரின் வகையை ஏற்கவில்லை. பயர்பாக்ஸில் படிக்க விரும்பியவர்களுக்காக ‘பத்மா’ என்ற துணை நிரல் ஒன்று உருவாக்கப்பட்டு, இந்நாளிதழ்களின் எழுத்தை யூனிகோடாக மாற்றிக் காட்டிற்று.

மனிதர் படிப்பதற்கு இவ்வாறு வழி பிறந்தது. தேடுபொறியின் நிலை அதனினும் மோசம். ஏனெனில் அது பதிவான எண்களை மட்டுமே அறியும், எழுத்தின் முகத்தை அறியாது. ஹைதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பிரசாத் பிங்கலி, ஜகதீஷ் ஜகர்லமூடி, வாசுதேவ வர்மா ஆகியோர் இப்பிரச்சினையை ஆராய்ந்து, எடின்பரோ நகரில் 2006இல் கூடிய உலகளாவிய வலை மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தனர். வலையிலுள்ள இந்திய மொழி வாசகத்தில் 95 சதவிகிதத்துக்கு மேற்பட்டது, குறியீட்டு முறைகளின் பன்மையால் தேடலுக்கு அகப்படாமல் கிடக்கிறது என்பது அவர்கள் கூற்று. பல குறியீட்டு முறைகளில் அமைந்த பக்கங்களையும் தேடவல்ல ‘வெப்கோஜ்’ என்ற தேடுபொறியை அவர்கள் அமைத்தனர். பக்கத்தைத் திரட்டி, அதன் எழுத்தைப் பொது முறைக்கு மாற்றி, அதன் பின்னரே சொல்லட்டவணை தயாரிக்க வேண்டியிருந்தது.

இவ்வகை மாற்றத்தில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஒரே பக்கத்தில் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்திருக்கும்; இரண்டும் அதே எண்களால் பதிவானவை. எது எந்த மொழி என்று பிரித்தறிய மாற்றுநிரலுக்குக் கிடைக்கும் தெளிவான தடயம், அவ்விடத்தில் இடப்பட்ட எழுத்துருவின் பெயர்தான். அதாவது, ‘இது தெலுங்கு’ என்று கூற வேண்டிய பொருட்குறி இல்லாத நிலையில், ‘இதற்கு இன்ன எழுத்துருவை இடுக’ என்ற வடிவக்குறியைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டியதாயிற்று. எழுத்துருவின் பெயர் விடுபட்ட இடத்தில் அந்த ஊகமும் சிதறிவிடும்.

தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் ஏற்கப்பட்டன. 2010 ஜூனில் அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இன்று செய்தித் தளங்கள் யூனிகோடுக்கு மாறிவிட்டன. ஆயினும் பழைய எழுத்துருவில் தயாரித்த பி.டி.எப். ஆவணங்கள் அலுவலகங்களில் இன்னும் உலவுகின்றன. அவற்றினின்று ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தவர்கள் மேற்கூறிய சிதைவை நேரில் கண்டிருப்பார்கள்.

அட்டவணையும் செவியும்

எழுத்துச் சிக்கல் தீர்ந்தபின்னும் பக்கத்தின் அமைப்பில் அதே பிழை வேறு உருவில் நிகழ்கிறது. ஹைதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் கூடக்கூடிய கடற்பகுதிகளைக் கணித்து, கரையோர மாநிலங்களின் மொழிகளில் அறிவிக்கிறது. கரையில் ஓரிடத்தினின்று திசை, கோணம், கிலோமீட்டரில் தொலைவு, மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை அத்தகைய அறிவிப்பில் இடம்பெறும். இதுபோன்ற விவரத்தைத் தம் வட்டாரத்துக்காக ஓர் ஊழியர் பக்கமாக அமைப்பதாகக் கொள்வோம். நாகப்பட்டினத்தினின்று கிழக்கே தொலைவு 35 முதல் 40, ஆழம் 50 முதல் 55 என்பது வரிசை. எண்கள் விளக்கத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டவை.

அவர் இதைப் படமாக ஒட்டிவிட்டால், பார்வையற்ற ஒருவருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் நிரலுக்கு அங்கே ‘படம்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அட்டவணையாகவே அமைத்து, மேல்வரியை மட்டும் தடித்த எழுத்தாக்கினால், கேட்பவர் செவியில் விழுவது ‘35, 40, 50, 55’ என்பதே. எது கிலோமீட்டர், எது மீட்டர்? கண்ணுள்ளவர் தடித்த எழுத்தைப் பார்த்து அறிவார். செவிக்குத் தடிமன் ஏது? மேல்வரியின் கட்டங்களைச் சாதாரணக் கட்டங்களாக விடாமல் தலைப்புக் கட்டம் என்னும் பொருட்குறியால் அமைத்து, அத்தலைப்பு நிரலுக்கு உரியதா வரிசைக்கு உரியதா என்பதையும் குறித்தால், ஒரு கட்டத்தினின்று அடுத்த கட்டத்துக்குச் செல்லும்பொழுது வாசிப்பு நிரல் ‘தொலைவு, 35’ எனவும் ‘ஆழம், 50’ எனவும் கூறும். கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டியது சில எழுத்துக்களே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு வடிவிலுள்ள தகவல் அனைவருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளிவந்தன. அவற்றின் 3ஆம் பதிப்பு 2023இல் வெளியாயிற்று. எனவே இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமன்று.

புதிய குறிகளும் பழைய உலாவிகளும்

2014 அக்டோபரில் இறுதிப் பரிந்துரையாகிய எச்.டி.எம்.எல். 5, பக்கத்தின் தலைப்பகுதி, வழிகாட்டிப் பட்டியல், முக்கியப் பகுதி, தனிக் கட்டுரை, அடிப்பகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொருட்குறிகளை அளித்தது. பழைய உலாவி இவற்றை அறியாதே, அப்பொழுது பக்கம் என்னவாகும் என்ற ஐயம் எழுவது இயல்பு. தனக்குத் தெரியாத குறியைப் பொருட்படுத்தாமல் அதனுள்ளிருக்கும் வாசகத்தை அப்படியே காட்டுவது உலாவிகள் தொடக்கம் முதல் கடைப்பிடித்துவரும் விதி. அழகு குறையலாம், செய்தி தப்பாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8ஆம் பதிப்பும் அதற்கு முந்தியவையும் புதிய குறிகளுக்கு நடைத்தாளின் விதிகளைப் பொருத்த மறுத்தன என்பது உண்மையே. சிறு நிரல் ஒன்றைச் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். அவ்வுலாவிக்கான ஆதரவே 2022 ஜூன் 15ஆம் நாள் முடிவுற்றது. உலாவிக்கென எழுதப்பட்ட தந்திரம் உலாவியோடு மறைந்துபோக, பொருட்குறியால் எழுதிய வாசகம் இன்றைய கைப்பேசியிலும் திறக்கிறது.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தைத் தொடங்கலாம். ஒரு சுற்றறிக்கையின் நகலை மாணவர்களிடம் கொடுத்து, தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணைத் தலைப்பு ஆகியவற்றை ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லவும். பிறகு ஒரு மாணவர் குறிகளுடனும், மற்றொருவர் குறிகளின்றியும், மூன்றாமவருக்கு அதை வாசித்துக் காட்டட்டும். கேட்டவர் எவருடைய வாசிப்பினின்று அட்டவணையைத் திரும்ப எழுத முடிகிறது என்று பார்க்கலாம்.

கணிப்பொறி உள்ள இடத்தில், பயர்பாக்ஸ் உலாவியின் மேற்பட்டியில் பக்க நடையை நீக்கும் வசதி உள்ளது. அதைக் கொண்டு தம் அலுவலகப் பக்கத்தின் நடைத்தாளை அகற்றிப் பார்க்கவும். நிறமும் கட்டமும் மறைந்தபின் எஞ்சுவது வரிசையாகப் படித்துப் பொருள் கொள்ளத்தக்கதாயிருப்பின் அமைப்பு செம்மையானது. என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இயக்கி ஆங்கில ‘எச்’ விசையை அழுத்தினால், தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்கு அது தாவிச் செல்லும். ஒரு தலைப்பும் அகப்படவில்லை என்று அந்நிரல் கூறினால், பக்கத்தில் இருப்பவை தலைப்புக்களல்ல, பெரிதாக்கப்பட்ட எழுத்துக்களே.

பல மொழிகள் கலந்த பக்கங்களில், ஒவ்வொரு பகுதியின் மொழியையும் அதற்குரிய ஈரெழுத்துக் குறியால் அறிவிப்பது இன்றியமையாதது. தமிழ்ப் பத்திக்கு ஆங்கிலம் என்று குறித்துவிட்டால், வாசிப்பு நிரல் ஆங்கிலக் குரலை நியமித்துத் தடுமாறும். தெலுங்கும் உருதும் ஆட்சிமொழிகளாக விளங்கும் ஹைதராபாத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அப்பகுதிக்கு மொழிக்குறியுடன் திசைக்குறியையும் சேர்த்து எழுதாமல், வெறுமனே வலப்பக்கம் ஒதுக்கிவைத்தால், பார்வைக்குச் சரியாயிருப்பது போலத் தோன்றினும், முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் இடம் மாறி நிற்கும்.