ஊறுகாய்ப்புல் குழிக்குள் இறங்க வேண்டாம்: பருவமழைக்கு முன் செஞ்சி வட்டாரக் கால்நடை வளர்ப்போர் கவனத்துக்கு

புரட்டாசி முடிந்து வடகிழக்குப் பருவமழை நெருங்கும் இவ்வேளையில், வயலில் நிற்கும் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் கம்பு நேப்பியர் புல்லையும் மழை பிடிக்குமுன் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாத குழியில் அழுத்தி மூடி ஊறுகாய்ப்புல்லாக்கும் வேலை செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பகுதிகளில் மும்முரமாகிறது. சைலேஜ் என்ற பெயரில் விற்கப்படும் தீவனமும் இதுவே. காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் தாவரத்தின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்ற, அந்தப் புளிப்பே தீவனத்தை அழுகாமல் காக்கிறது. இந்த அவசரத்துக்குத் தக்க காரணம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயல் மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டி, விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதியை வெள்ளக்காடாக்கியது. அத்தகைய மழையில் திறந்தவெளி வைக்கோற்போர் பூஞ்சை பிடித்துப் பாழாகும். சரியாக மூடிய குழியோ தாங்கி நிற்கும். ஆகவே ஊறுகாய்ப்புல் போடுவது நல்லதே. ஆனால் போட்ட குழிக்குள் முதல் மூன்று வாரங்களில் மனிதர் இறங்குவது உயிரைப் பறிக்கக்கூடியது. இந்த ஆலோசனை முதன்மையாக அதைச் சொல்வதற்கே எழுதப்படுகிறது.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழி மேட்டு நிலத்தில், மழைநீர் வந்து சேராத இடத்தில் அமைய வேண்டும். சோளத்தைப் பூத்த பின்பும், மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து இறுகும் பருவத்திலும் அறுக்க வேண்டும். ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு போதும். நறுக்கியதைக் கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. துண்டுகள் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். தேவையானால் 2 விழுக்காடு வெல்லப்பாகும் 1 விழுக்காடு உப்பும் தெளிக்கலாம். அடுக்கடுக்காக அழுத்திக் காற்றை வெளியேற்றி, தார்ப்பாய் விரித்து, அதன்மேல் மண் போட்டு மூட வேண்டும். 45 நாட்களுக்குப் பின் ஒரு பக்கமாகத் திறந்து எடுக்கலாம். ஒரு கன மீட்டர் குழி ஏறத்தாழ 500 முதல் 600 கிலோ தீவனம் கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு, ஒரே நாளில் நறுக்கி நிரப்பி மூட முடிந்த அளவுக்கே குழி வெட்ட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எவரும் தாண்டிப் போகக் கூடாது.

நிரப்பிய குழிக்குள் 21 நாட்களுக்கு எவரும் இறங்கக் கூடாது. பாதி நிரப்பிய குழியானாலும் இதே விதிதான்.

காரணம் பயிரிலேயே தொடங்குகிறது. வேர் மண்ணிலிருந்து நைட்ரஜனை நைட்ரேட் என்னும் உப்பு வடிவில் உறிஞ்சுகிறது; இலை அதைச் சூரிய ஒளியின் துணையால் புரதமாக மாற்றிக்கொள்கிறது. ஆடியில் விதைத்த மானாவாரிச் சோளம் ஆவணியிலும் புரட்டாசியிலும் மழையின்றி வாடும்போது, வேர் உறிஞ்சிய நைட்ரேட்டை இலையால் செலவழிக்க முடியாமல் அது தண்டின் அடிப்பகுதியில் தேங்குகிறது. யூரியாவைத் தாராளமாக இட்ட நிலத்தில் தேக்கம் இன்னும் கூடும். வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்ததும் வேர் விழித்துக்கொண்டு நைட்ரேட்டை வேகமாக இழுக்க, இலை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பச் சில நாட்கள் எடுத்துக்கொள்வதால், அந்த நாட்களில்தான் தண்டில் நைட்ரேட் உச்சத்தில் இருக்கிறது. மழை வந்துவிட்டதே என்று மறுநாளே அரிவாளை எடுப்பவர் மிக மோசமான நாளைத் தேர்ந்தெடுக்கிறார். வாடிய பயிர் மீது மழை விழுந்தால் ஒரு வாரம் பொறுத்து அறுக்க வேண்டும். வானம் மூடியே கிடந்தால் இன்னும் சில நாட்கள் பொறுப்பது நல்லது. அறுக்கும்போது அடித்தண்டில் ஓர் அடி விட்டு அறுத்தால் நைட்ரேட்டின் பெரும்பங்கு வயலிலேயே நின்றுவிடும். அந்த ஓர் அடியை இழக்க மனம் வராதவர்கள் எதைக் குழிக்குள் கொண்டுவருகிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நைட்ரேட் மிகுந்த தீவனம் குழியில் மூடப்பட்ட சில மணி நேரத்திலேயே, நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் என்னும் ஆக்சிஜன் குறைந்த உப்பாக ஒடுக்குகின்றன. புளிப்பு ஏறும்போது நைட்ரைட் நைட்ரஸ் அமிலமாகிறது. நிலையற்ற அந்த அமிலம் சிதைந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் நிறமற்ற வாயுவை வெளிவிடுகிறது. அது குழியின் மேற்பரப்புக்கு வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டதும் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. ஒரு நைட்ரஜன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த இந்த வாயுவே இங்கு எச்சரிக்கப்படும் நஞ்சு. நிரப்பிய முதல் நாளிலேயே தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, மூன்று வாரங்கள் வரை இது கசியக்கூடும். கூடவே கரியமில வாயுவும் குழியை நிரப்பி ஆக்சிஜனை விரட்டிவிடுகிறது.

செறிந்த நிலையில் இவ்வாயு மஞ்சள் கலந்த செம்பழுப்பு நிறத்தில் தெரியும். பிளீச்சிங் பவுடர் போன்ற நெடி அடிக்கும். படும் தீவனத்தை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ கறைப்படுத்தும். குழியைச் சுற்றி ஈக்களோ குருவிகளோ செத்துக் கிடந்தால் அதுவும் அடையாளம். ஆனால் நிறம் தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று எண்ணுவது பெரும்பிழை, ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத செறிவிலேயே அது நுரையீரலைக் கெடுக்கும். அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு 13 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் வெறும் 13 பங்கு. மூடிய தீவனக் கிடங்குகளிலோ நூற்றுக்கணக்கான பிபிஎம் அளக்கப்பட்டிருக்கிறது. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், இவ்வாயு மேலெழுந்து கலையாமல் குழியின் அடியிலும் மூலையிலும் படிந்து நிற்கிறது. திறந்த நீள்குழியில் வீசும் காற்று ஓரளவு அதைக் கொண்டுபோய்விடும். ஆழமாகச் சுவர் எழுப்பிய குழி, கொட்டகைக்குள் வெட்டிய குழி, பாழ்கிணற்றைத் தூர்த்து அமைத்த குழி ஆகியவற்றில் அந்த வாய்ப்பும் இல்லை. பாழ்கிணற்றைத் தீவனக் குழியாக்கும் எண்ணத்தை அறவே கைவிட வேண்டும்.

இதே வாயுவின் இரு மூலக்கூறுகள் இணைந்த டைநைட்ரஜன் டெட்ராக்சைடு, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விகாஸ் எஞ்சினில் எரிபொருளை எரிக்கும் ஆக்சிஜனூட்டியாகப் பயன்படுகிறது. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் அந்த எஞ்சின் சோதிக்கப்படுகிறது. 1975 ஜூலையில் அப்பல்லோ விண்கலம் பூமிக்கு இறங்கியபோது இந்த வாயு உள்ளே புகுந்ததால், ஒரு வீரர் நினைவிழந்தார். கலத்திலிருந்த மூவருமே ஹொனலுலுவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இதைக் கையாளும் ராக்கெட் பணியாளர்கள் முழு உடற்காப்பு உடையும் தனிச் சுவாசக் கருவியும் அணிகிறார்கள். குழியில் இறங்குபவரோ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். துண்டு, நனைத்த துண்டு, கொரோனா காலத்து முகக்கவசம் ஆகிய எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது.

இதன் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. அம்மோனியா போன்ற வாயுக்கள் நீரில் எளிதில் கரைவதால் மூக்கிலும் தொண்டையிலுமே எரிச்சலைத் தந்து மனிதரை விரட்டிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு நீரில் மெதுவாகவே கரைவதால், பெரிய எரிச்சல் தராமல் நுரையீரலின் அடியாழத்திலுள்ள காற்று நுண்ணறைகள் வரை சென்று, அங்குள்ள ஈரத்தில் நைட்ரிக் அமிலமாகவும் நைட்ரஸ் அமிலமாகவும் மாறி அவற்றின் சுவரை அரிக்கிறது. குழியிலிருந்து ஏறியவர் சிறிது இருமிவிட்டுத் தேநீர் குடித்து வீட்டுக்குப் போகலாம். சில மணி முதல் ஒன்றரை நாள் கழித்து அவருடைய நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். அதிலிருந்து பிழைத்தாலும், இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குப் பின் காய்ச்சலும் இருமலும் இளைப்பும் திரும்பி, மூச்சு நுண்குழல்கள் தழும்பேறி அடைபடுவதுண்டு. மினசோட்டாவில் பணியாற்றிய லோரி, ஷூமன் ஆகியோர் 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இந்நோயைத் தீவனக் கிடங்கு நிரப்புவோர் நோய் என்று விவரித்து, அதன் காரணி நைட்ரஜன் டை ஆக்சைடே என்று நிறுவினர். அங்கே கோபுரம் போன்ற உயர்ந்த கிடங்குகள், இங்கே மண்ணில் வெட்டிய குழிகள், வேதியியல் ஒன்றே.

இனி, குழிக்குள் இறங்குவதற்குச் சொல்லப்படும் சாக்குகளைப் பார்க்க வேண்டும். பகலில் பாதி நிரப்பும்போது மும்முனை மின்சாரம் நின்றுவிட்டது, மறுநாள் காலையில் இறங்கி மிதித்து மீதியை நிரப்பலாம் என்பது முதல் சாக்கு. அந்த மறுநாள் காலையில்தான் குழியில் வாயு திரண்டிருக்கும். ஒரே நாளில் முடிக்கும் அளவுக்குக் குழி வெட்ட வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவே. மின்சாரம் நின்றுவிட்டால் நிரப்பிய அளவோடு மூடிவிட்டு, மீதிப் பயிர் வறட்சியில் வாடாததாக இருந்தால் அதைப் பச்சையாகவே மாட்டுக்குப் போட்டுத் தீர்ப்பதால் எந்தக் குடியும் முழுகிப் போகாது. தீவனம் அமுங்கிப் பள்ளம் விழுந்திருக்கிறது, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கலாம் என்பது இரண்டாவது. தார்ப்பாயின் அடியில் வாயு அடைந்திருக்கும், ஆகவே தூக்கக் கூடாது, பள்ளத்தில் வெளியிலிருந்தே மண்ணை வீசி நிரப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலைதானே என்பது மூன்றாவது. ஐந்து நிமிடம் இந்த வாயுவுக்குப் போதும். இத்தனைக்கும் மேலாக, கைதவறி விழுந்த அரிவாளை எடுக்கவும் பாய்மீது ஏறிய கோழியைப் பிடிக்கவும் இறங்குவது மன்னிக்கத்தக்க அசட்டையல்ல. அரிவாள் கிடக்கட்டும்.

செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்குத் தானியச் சேமிப்புப் புதிதல்ல. ஆனால் உலர்ந்த தானியத்தைச் சேமித்த பழக்கம் ஈரத் தீவனத்துக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்குக் குழியே தேவையில்லை. காற்றுப் புகாத சைலேஜ் பைகளும் மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாய்களும் போதும், அவற்றுக்குள் எவரும் இறங்க முடியாது என்பதே அவற்றின் பெருஞ்சிறப்பு. உப்பிய பையை வீட்டுக்குள் பிரிக்காமல் திறந்தவெளியில் வைத்துப் பிரிக்க வேண்டும். குழி வைத்திருப்போர் அதைச் சுற்றிக் கயிறு கட்டி, மூடிய தேதியைப் பலகையில் எழுதி நட வேண்டும். குழியின் தாழ்வான பக்கத்தில் கன்றுக்குட்டிகளைக் கட்டக் கூடாது. குழந்தைகள் தார்ப்பாயின் மேல் ஏறி விளையாட விடக் கூடாது.

எவரேனும் குழிக்குள் மயங்கி விழுந்தால், பார்த்தவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும், அவரைக் காப்பாற்ற இறங்கிய மூன்றாமவரும் அடுத்தடுத்து மாண்ட செய்திகள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வருகின்றன. தீவனக் குழியும் அவ்வாறே கொல்லும். 101 எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையையும் 108 எண்ணில் ஆம்புலன்சையும் அழைத்து, மேலிருந்தபடியே கயிறு வீச வேண்டும். சுவாசக் கருவி அணிந்தவர் மட்டுமே இறங்கலாம்.

வாயுவை ஒருமுறை சுவாசித்தவர், இருமல் நின்றுவிட்டாலும், உடலை அலட்டிக்கொள்ளாமல் செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று, தீவனக் குழி வாயுவைச் சுவாசித்ததையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லி, குறைந்தது ஒரு முழு நாள் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மழைக்காலக் காய்ச்சல் பரவும் பருவம் இது என்பதால், சில வாரங்கள் கழித்துத் திரும்பும் இளைப்பைச் சளிக்காய்ச்சல் என்றோ காசநோய் என்றோ எண்ணிவிட வாய்ப்புண்டு. குழியைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்வது நோயாளியின் பொறுப்பு.

நைட்ரேட் மாட்டையும் கொல்லும். பயிரைப் பச்சையாகத் தின்ற மாடு தள்ளாடி, இளைத்து, இரத்தம் சாக்லேட் நிறமாகத் தெரிந்தால் 1962 எண்ணில் கால்நடை மருத்துவ உதவியை உடனே அழைக்க வேண்டும். மெத்திலீன் நீல ஊசியை மருத்துவரே போட வேண்டும். நன்கு ஊறிய ஊறுகாய்ப்புல்லில் நைட்ரேட்டின் கணிசமான பங்கு குறைந்துவிடுகிறது என்றாலும், முதல் வாரம் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

குழிக்குள் இறங்கச் சொல்லப்படுபவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவரே. உரிமையாளர் தாம் இறங்காத குழிக்குள் அவரை இறக்குவது குற்றம். நறுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்குமுன்பே, வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இன்று மாலைக்குப் பின் 21 நாட்களுக்கு இந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது என்று உரிமையாளர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.