நூற்புழுவும் நச்சு மருந்தும்

கத்தரித் தோட்டத்தில் சில செடிகள் காலையில் நிமிர்ந்து நின்று நண்பகலில் தலை கவிழ்ந்து வாடுவதுண்டு. பாத்தியில் ஈரம் இருக்கும்; எருவும் குறைவிராது. இலையைப் புரட்டிப் பார்ப்பினும் பூச்சி ஒன்றும் தென்படாது. உழவர் மேலும் நீர் பாய்ச்சுவார், பின்னும் உரம் இடுவார், செடியோ தேறாது. அதனை வேரோடு அகழ்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். வேர் முழுதும் மணி கோத்தாற்போல முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும்.

அம்முடிச்சுகளை உண்டாக்குவது நூற்புழு என்னும் சிற்றுயிர். மண்ணில் திரியும் அதன் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளமும் இராது. அது வேர்நுனியருகே துளைத்துப் புகுந்து, ஓரிடத்தில் தங்கி, அங்குள்ள உயிரணுக்களைப் பருக்கச் செய்து, அவற்றின் சாற்றை உண்டு வாழும். பெண்புழு பேரிக்காய் வடிவாகப் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். உளுந்து, தட்டைப்பயறு முதலியவற்றின் வேரிலும் முடிச்சுகள் உண்டு. ஆனால் அவை காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவன. நகத்தால் தள்ளினால் அவை தனியே உதிரும். நூற்புழு முடிச்சோ வேரே பருத்ததாகலின், வேரை முறித்தாலன்றிப் பிரியாது. இவ்வேறுபாடு அறியாமல் நண்பனைப் பகைவன் என மயங்குவாரும் உளர். நீலகிரிப் பகுதியிலுள்ள தேவாலாவில் தேயிலை வேரில் இப்புழு இருத்தலைப் பார்பர் என்னும் அறிஞர் 1901-இல் எடுத்துரைத்தார்.

மண்ணுள் மறைந்த இப்பகையை ஆவியாகும் நஞ்சினால் அழிக்க முயன்றனர் மேனாட்டார். ஜெர்மனியில் கூன் என்பவர் 1871-இல் சர்க்கரைக் கிழங்கு வயலில் கார்பன் டைசல்பைடைப் பயன்படுத்திப் பார்த்தார். ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களில் 'டி-டி' என்னும் கலவையின் ஆற்றலைக் கார்ட்டர் 1943-இல் வெளியிட்டார். மருந்திட்ட நிலத்தில் செழித்த பயிரைக் கண்ட பின்னரே, இப்புழுவால் நேரும் இழப்பு எத்துணைப் பெரிது என்பது பலருக்கும் புலனாயிற்று.

அடுத்து 'டிபிசிபி' என்னும் மருந்து வந்தது. பயிர் நிற்கும் நிலத்திலேயே இதனை இடலாம் என்பதால் இதற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. ஆனால் அதனை ஆக்கிய கலிபோர்னியத் தொழிற்சாலை ஒன்றில், ஆடவர் சிலர் தமக்கு மக்கட்பேறு வாய்க்காமை குறித்துத் தம்முள் பேசலாயினர். 1977-இல் ஆராய்ந்தபோது, மருந்தின் கேடே அதற்குக் காரணம் எனத் தெளிவாயிற்று. புழுவைக் கொல்ல வந்த நஞ்சு, அதனைக் கையாண்டவரின் குலக்கொழுந்தையே கருக்கிற்று! கிணற்று நீரிலும் அது கலந்திருந்தது. அமெரிக்க அரசு 1979-இல் அதனைப் பெரும்பாலும் விலக்கியது. ஹவாயின் அன்னாசித் தோட்டங்களில் மட்டும் அது 1985 வரை நீடித்தது. மீதைல் புரோமைடு என்னும் மற்றொரு மருந்து ஓசோன் படலத்தைச் சிதைப்பதாகலின், வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும், சில விலக்குகள் நீங்கலாக, அதனை வயல்களிலிருந்து அகற்றின.

இனி, செடிகள் தரும் மருந்துகள். எண்ணெய் எடுத்த வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கி, நடுவதற்குச் சில வாரம் முன்னரே ஈரமண்ணில் கலப்பர். அதிலுள்ள கசப்புப் பொருள்களும், அது மட்கும்போது எழும் அம்மோனியாவும் புழுவை ஒடுக்கும். செண்டுமல்லி வேரிலுள்ள நஞ்சினை ஹாலந்து நாட்டு வேதியியலார் 1958-இல் பிரித்துக் காட்டினர். ஆயினும் வரப்போரத்தில் நான்கு செடி வைத்தால் போதும் என எண்ணுதல் பிழை. நிலம் நிறைய நெருக்கி நட்டுச் சில திங்கள் வளர்த்தல் வேண்டும். எல்லாச் செண்டுமல்லியும் எல்லா நூற்புழுவையும் அடக்குவதில்லை. இவற்றின் வேலை மெல்லவே நடைபெறும். நட்ட பயிர் வாடிய பின் பிண்ணாக்கைத் தேடி ஓடுவார் பெறும் பயன் சிறிதே.

இயற்கையில் தோன்றியது எல்லாம் தீங்கற்றது என்பதும் இல்லை. ஜப்பான் நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அவெர்மெக்டின் கிடைத்தது. அதனைக் கண்டறிந்த ஓமுராவும் கேம்பெல்லும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நூற்புழுவைக் கொல்லும் அப்பொருள் மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சாகும். அது மண்துகளோடு ஒட்டிக்கொள்வதால் நெடுந்தொலைவு பரவாது. ஆதலின் அதனை விதையின்மேற் பூச்சாக இடுகின்றனர். முளைத்துவரும் இளவேரைச் சூழ்ந்த சிறிதளவு மண்ணே அதன் காவலெல்லை.