மழைக்கால எலிக்காய்ச்சல்: வயலிலேயே தடுக்கலாம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சம்பா, தாளடி வயல்களில் நடவு, களையெடுப்பு, மேலுரமிடுதல், வடிகால் வெட்டுதல் எனப் பணிகள் பெருகுகின்றன. நாள் முழுவதும் முழங்கால் அளவு சேற்றில் நின்று வேலை செய்வோருக்கு இந்தப் பருவத்தில் காய்ச்சல் வருவது வழக்கம். ‘மழையில் நனைந்ததால் வந்தது’ என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவோர் பலர். ஆனால் இக்காய்ச்சல்களில் ஒன்று வயலிலிருந்தே வருகிறது. அதுவே எலிக்காய்ச்சல். நாட்டு வழக்கில் எலிக்காய்ச்சல் எனப்படும் இந்நோயை மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பர். உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

எலியால் ஏற்படும் சேதம் என்றால் அறுபட்ட தூரும், வளைக்குள் சேர்ந்த நெற்கதிரும்தான் விவசாயிகளுக்கு நினைவுக்கு வரும். வயலில் இறங்கி உழைப்போரின் உடல்நலத்துக்கும் அதே எலி கேடு செய்கிறது. ஆகவே எலி ஒழிப்பைப் பயிர்ப் பாதுகாப்பு வேலையாக மட்டும் கருதாமல் குடும்ப நலத்துக்கான வேலையாகவும் கொள்ள வேண்டும்.

நோயின் தன்மை

லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமி இந்நோய்க்குக் காரணமாகும். திருகு போன்ற வடிவமுள்ள இக்கிருமியை 1915ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவ அறிஞர்கள் இனாடா, இடோ ஆகியோர் கண்டறிந்தனர். நம் நாட்டில் அந்தமான் தீவுகளில் பரவிய இக்காய்ச்சலைப் பற்றிய ஆய்வு 1931ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. மதுரைப் பகுதியில் 1993ஆம் ஆண்டு பெய்த பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு, கண்ணின் உட்பகுதியில் அழற்சி கண்ட பலர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். அந்த அழற்சிக்கு இக்கிருமியே காரணம் என்பது ஆய்வில் தெரிய வந்தது. காய்ச்சல் தணிந்து பல வாரங்கள், மாதங்கள் கழித்தும் கண்ணைத் தாக்கும் தன்மை இந்நோய்க்கு உண்டு.

எலியின் சிறுநீரகத்தில் இக்கிருமி தங்கிப் பெருகும். எலிக்கு இதனால் நோய் எதுவும் தெரிவதில்லை. ஆனால் அதன் சிறுநீர் வழியே கிருமிகள் தொடர்ந்து வெளியேறுகின்றன. மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இக்கிருமி இருக்கக்கூடும். தேங்கிய நீரிலும், அமிலத்தன்மை இல்லாத ஈர மண்ணிலும் இது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலும் வறட்சியும் இதை அழித்துவிடும். கோடையில் குறைவாக இருக்கும் இந்நோய் மழைக்காலத்தில் தலைதூக்குவதற்கு இதுவே காரணம்.

மனித உடலுக்குள் இது நுழையும் வழி சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கதிர் அரிவாள் பட்ட கீறல் போன்றவையே. வெகுநேரம் நீரில் ஊறித் தளர்ந்த தோல் வழியாகவும், சேற்று நீர் தெறித்தால் கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமி உள்ளே செல்லும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் பரவுவது மிக அரிது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

அறிகுறிகள்

கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் காணும். குளிருடன் திடீரெனக் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றும். கெண்டைக்கால் சதையிலும் இடுப்பிலும் தொட்டாலே வலிக்கும். கண்கள் பூளை கட்டாமல் சிவந்திருக்கும்.

நான்கைந்து நாட்கள் கழித்துக் காய்ச்சல் தானாகவே தணிவதுண்டு. விவசாயிகள் ஏமாறும் இடம் இதுதான். உடம்பு சரியாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் நடவுக்கோ களைக்கோ சென்றுவிடுகின்றனர். ஓரிரு நாட்களில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பும். கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத் திணறல், சளியில் இரத்தம் ஆகியவை நோய் முற்றியதன் அடையாளங்கள். அவை தென்பட்டால் சிறிதும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்சு வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மஞ்சள் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லி கொடுத்தும் மந்திரித்தும் கழிக்கும் நாட்கள் நோயாளியின் உயிருக்கு உலை வைக்கும்.

காய்ச்சல் கண்டால் செய்ய வேண்டியவை

சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டாம் நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். “வயலில் நடவு செய்தேன், காலில் சேற்றுப்புண் இருக்கிறது” என்று மருத்துவரிடம் கேளாமலே சொல்ல வேண்டும். டெங்கு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவையும் இதே பருவத்தில் வருவதால், இந்த ஒரு சொல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தொடக்கத்திலேயே கொடுக்கப்படும் சாதாரண கிருமிக்கொல்லி மருந்துகளுக்கே இந்நோய் கட்டுப்படும். முதல் வாரத்தில் எடுக்கும் இரத்தச் சோதனை சில வேளை நோய் இல்லை என்று காட்டக்கூடும். அதனால் காய்ச்சல் நீடித்தால் மறுபடியும் சென்று காட்ட வேண்டும்.

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும், வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்வதும் கூடாது. அவற்றுள் சில சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்பவை.

சேற்றில் இறங்குவோருக்கு

1. காலில் புண், வெடிப்பு உள்ளவர்கள் அது ஆறும் வரை வரப்பு வேலை, களத்து வேலை போன்றவற்றை மேற்கொள்வது நல்லது. இயலாவிட்டால் நீர் புகாத ஒட்டுத்துணியால் புண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவது கிராம வழக்கம். அதை மட்டும் நம்பிப் புண்ணுடன் சேற்றில் இறங்கலாகாது.

2. உழுது கலக்கிய சேற்றில் முழங்கால் உயர ரப்பர் பூட்சு புதைந்து தொல்லை தரும். ஆனால் வாய்க்கால் தூர் வாருதல், வரப்பு வெட்டுதல், தொழுவம் கழுவுதல் ஆகியவற்றுக்கு அதை அணிவது மிகவும் பயன் தரும்.

3. வயலிலிருந்து கரையேறியதும் வாய்க்கால் நீரில் அலம்பி நிறுத்திவிடாமல், மோட்டார் நீரிலோ குழாய் நீரிலோ சோப்பு போட்டுக் கை கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சேற்றுப்புண்ணைத் தடுக்க இதுவே சிறந்த வழி.

4. வயல் நீரில் முகம் கழுவவோ வாய் கொப்பளிக்கவோ கூடாது. சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைக்காமல் மூடி மரத்தில் தொங்கவிட வேண்டும்.

5. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்துத் தடுக்கும் முறை உண்டு. 2018ஆம் ஆண்டு கேரளப் பெருவெள்ளத்தின்போது மீட்புப் பணியாளர்களுக்கு இது கொடுக்கப்பட்டது. மருத்துவர் சொன்னால் மட்டுமே இதை உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உட்கொள்ளக் கூடாது.

ஊர் கூடி எலி ஒழிப்பு

ஒருவர் மட்டும் தம் வயலில் எலியை ஒழித்தால் பயன் நிலைப்பதில்லை. பக்கத்து வயலின் எலி இரண்டே இரவில் வரப்பைக் கடந்து வந்துவிடும். எலி கருவுற்று ஏறக்குறைய 3 வாரங்களில் குட்டி போடுகிறது. ஒரு ஈற்றில் 5 முதல் 8 குட்டிகள் சாதாரணம். ஆகவே ஒரு வாய்க்காலில் பாசனம் பெறும் வயல்காரர்கள் அனைவரும் ஒரே நாளில் இவ்வேலையைச் செய்ய வேண்டும். வயல் காய்ந்திருக்கும் கோடைக்காலமும் நடவுக்கு முந்தைய நாட்களும் இதற்கு ஏற்றவை. அப்போது எலிகளுக்கு உணவும் மறைவிடமும் குறைவு.

வரப்புகளை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மிகாமல் சிறுத்துக் கட்டிப் புல் பூண்டுகளைச் செதுக்கிவிட வேண்டும். பருத்த வரப்புதான் கரம்பை எலிக்கு வளை தோண்ட ஏற்ற இடம். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால், திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். அவற்றை மட்டும் தோண்டி எலிகளைப் பிடிக்கலாம்.

பயிர் நிற்கும் காலத்தில் தஞ்சாவூர் கிட்டிகளை ஏக்கருக்கு 40 வீதம் வைக்கலாம். ஆந்தைகள் அமர்ந்து எலி பிடிக்க, ‘டி’ வடிவத்தில் குச்சிகளை ஏக்கருக்கு 16 முதல் 20 வரை நட வேண்டும். நச்சுணவு வைக்க நேர்ந்தால் 0.005 சதவீத புரோமோடையலான் கட்டிகளை வளைக்குள்ளேயே வைத்து மூட வேண்டும். சிங்க் பாஸ்பைடை வேளாண்மை அலுவலரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அதை உட்கொண்டவருக்கு முறிவு மருந்து கிடையாது.

வளை தோண்டுவோர் ரப்பர் கையுறை அணிய வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். வாய்க்காலில் வீசக் கூடாது. வளையில் கிடைக்கும் நெல்லை எடுத்துச் செல்வோர் அதைப் பல நாள் வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். நச்சுணவு வைத்த வளையின் நெல்லை எக்காரணம் கொண்டும் உண்ணக் கூடாது. கோழிக்கும் போடக் கூடாது.

வீடும் தொழுவமும்

நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும். வைக்கோல் போரையும் விறகுக் குவியலையும் வீட்டை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போட வேண்டும். தண்ணீர்ப் பானையும் சமைத்த உணவும் எப்போதும் மூடியிருக்க வேண்டும்.

தொழுவத்தின் மூத்திரம் வழிந்து கிணற்றடிக்கோ குழந்தைகள் விளையாடும் இடத்துக்கோ போகாமல் தனிக் குழியில் சேருமாறு வடிகால் அமைக்க வேண்டும். மாடு கன்று வீசினாலும், சிறுநீர் சிவந்தாலும், பால் திடீரெனக் குறைந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். நாய்களுக்கு இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

மழைக்குப் பின் குடிநீர்

மழை நீர் புகுந்த கிணற்றை பிளீச்சிங் பவுடரால் சுத்தம் செய்ய வேண்டும். 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் போதுமானது. 10 அடி விட்டமும் 5 அடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 11,000 லிட்டர் நீர் இருக்கும். இதற்கு 28 கிராம் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்கலாம். நீர் மிகவும் கலங்கியிருந்தால் அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். எப்படியாயினும் குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே சிறந்தது.

எலி ஒழிப்புக்கு ஆகும் ஒரு நாள் உழைப்பால் கதிரும் மிஞ்சும். குடும்பத்தின் நலமும் காக்கப்படும். நடவு தொடங்குமுன் ஊர்க்கூட்டத்தில் ஒரு நாளை முடிவு செய்து வயல்காரர்களும் கூலி ஆட்களும் சேர்ந்து எலிகளை ஒழிக்க வேண்டும். சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால், அது தணியட்டும் என்று காத்திராமல் இரண்டாம் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்விரண்டையும் தவறாது கடைப்பிடித்தால் எலிக்காய்ச்சலால் உயிரிழப்பு நேராமல் தடுக்கலாம்.