காரின் கண் எதைப் பார்க்கும், எதைத் தவறவிடும்?

மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் வந்து, விருதுநகரில் திரும்பி, திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போகிறீர்கள். புதுக் கார். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. ஆபத்து என்றால் தானே பிரேக் போடுகிறது. "இனி எல்லாம் கார் பார்த்துக்கும்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. அது எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

இத்தகைய கார்களில் பெரும்பாலும் முன்கண்ணாடியின் மேல்பக்கம் கேமராவும், முன்புறத்தில் ரேடாரும் இருக்கும். கேமரா உருவத்தை அடையாளம் காணும். எதிர்வெயிலிலும் புகையிலும் தடுமாறும். ரேடார் புகையிலும் தூரத்தை அளக்கும். ஆனால் பாலம், பலகை எல்லாவற்றுக்கும் பிரேக் விழக்கூடாது என்பதால், வேகமாகப் போகும்போது அசையாத பொருள்களைப் பல கார்களின் ரேடார் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஓரமாகப் பழுதாகி நிற்கும் லாரியும் அசையாத பொருள்தானே!

2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில், குறுக்கே வந்த வெள்ளை லாரியை வெளிச்சமான வானத்தின் பின்னணியில் டெஸ்லா கார் கண்டுகொள்ளவில்லை. ஓட்டியவர் இறந்தார். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபரின் சோதனைக் கார் மோதியது. அவரை 5.6 விநாடிக்கு முன்பே கண்ட கருவி, வாகனமா, வேறு பொருளா, சைக்கிளா என்று மாற்றி மாற்றிக் கணித்தது. கண்காணிக்க வேண்டிய ஓட்டுநர் கைப்பேசியில் இருந்தார். அந்தப் பெண் உயிரிழந்தார்.

இந்தக் கண்ணை ஏமாற்றவும் முடியும். 35 என்ற வேகப்பலகையில் சிறு கறுப்பு டேப் ஒட்டியதும், காரின் கேமரா அதை 85 என்று படித்ததை 2020-ல் மெக்காஃபி ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்ம ஊரில் பலகை மேல் ஒட்டும் ஒரு போஸ்டரே போதும்.

எனவே நினைவில் கொள்ளுங்கள்:

• சாலைப் பலகைகளில் எதையும் ஒட்டாதீர்கள். அவற்றை வேண்டுமென்றே சிதைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 116 தடை செய்கிறது.
• கேமரா, ரேடார் பகுதிகளைத் துடைத்து வையுங்கள். புகையிலும் மழையிலும் தானியங்கி வசதியை நம்பாமல் நீங்களே ஓட்டுங்கள்.
• லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பழுதாகி நின்றால் எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள்.
• தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. விபத்தில் சிக்கியவருக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

முன்னால் நிற்பது லாரி என்று கார் சொல்லக்கூடும். அதில் இருப்பது பட்டாசு என்பது உங்களுக்குத்தான் தெரியும். கண் சாலையிலேயே இருக்கட்டும்.