மயிரிழைக் கால்வாயில் கலவை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மயிலாப்பூர் ஹோட்டலில் டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே காபியை இரண்டு தரம் ஆற்றினால் போதும், டிகாஷனும் பாலும் சர்க்கரையும் ஒன்றாகிவிடும். அதே டிகாஷனையும் பாலையும் மயிரிழை அகலமுள்ள நேர்க் கால்வாயில் அருகருகே ஓடவிட்டால், ஒன்றையொன்று தொட்டபடியே இரண்டு தனிக்கோடுகளாக ஓடும். மருந்து, சாயம், நுண்துகள் தயாரிக்கப் பயன்படும் மைக்ரோசேனல் ரியாக்டரின், அதாவது நுண்கால்வாய் உலையின், அடிப்படைச் சிக்கல் இதுதான். அதைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகளும் உலவுகின்றன.

நம்பிக்கை 1: இடம் சிறியது, அதனால் தானாகவே கலந்துவிடும்.

உண்மை: குழாயில் ஓட்டம் எப்போது கொந்தளிக்கும் என்பதை 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சாயக்கோடு விட்டுக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் எண் ஏறத்தாழ 2000-ஐத் தாண்டினால்தான் குழாயில் கொந்தளிப்பு தொடங்கும். காபி ஆற்றும்போது அந்த எண் பல ஆயிரங்களைத் தொடுகிறது. 100 மைக்ரோமீட்டர் அகலக் கால்வாயில் விநாடிக்கு 1 செ.மீ. வேகத்தில் ஓடும் தண்ணீருக்கோ அது வெறும் 1. சுழலே எழாத அந்த ஓட்டத்தில் மூலக்கூறுகள் மெல்லப் பரவித்தான் கலக்க வேண்டும். சாதாரண உப்புக்கோ சாயத்துக்கோ அதற்குச் சுமார் 10 விநாடி பிடிக்கும். அதற்குள் நீர் 10 செ.மீ. போய்விடும். மில்லி விநாடிகளில் முடியும் வினைக்கு 10 விநாடி என்பது ஒரு யுகம்.

நம்பிக்கை 2: பம்பை வேகப்படுத்தினால் சரியாகிவிடும்.

உண்மை: நேர்க் கால்வாயில் இது எதிர்விளைவையே தரும். பரவ எடுக்கும் நேரம் மாறாது, கடக்கும் தூரம்தான் கூடும். வேகத்தைப் பத்து மடங்காக்கினால் 10 செ.மீ. தேவைப்பட்ட இடத்தில் ஒரு மீட்டர் வேண்டும். வளைந்த கால்வாயில் கதை வேறு. வளைவில் திரும்பும் ஓட்டத்துக்குள் ஒரு ஜோடிச் சுழல்கள் எழும். 1920-களின் பிற்பகுதியில் டபிள்யூ. ஆர். டீன் இதைக் கணக்கிட்டுக் காட்டியதால் அவை டீன் சுழல்கள் எனப்படுகின்றன. வேகம் கூடக்கூட அவை வலுப்பெறும். ஆக, வேகம் உதவுமா என்பதைக் கால்வாயின் வடிவம் தீர்மானிக்கிறது.

நம்பிக்கை 3: கொந்தளிப்பு இல்லையென்றால் வேகமான கலவையும் இல்லை.

உண்மை: சோன்பப்டி செய்பவரைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பாகை இழுத்து மடிக்கிறார், மறுபடி இழுத்து மடிக்கிறார்; ஒவ்வொரு மடிப்பிலும் இழைகள் இரட்டிக்கின்றன. திரவத்தையும் இப்படியே இழுத்து மடிக்கலாம். நான்கு மடிப்பில் படலத்தின் தடிமன் பதினாறில் ஒன்றாகும். பரவும் நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது 256-இல் ஒன்றாகும். 10 விநாடி வேலை 0.04 விநாடியில் முடியும். சீரான ஓட்டத்திலும் இப்படிக் கலக்க முடியும் என்பதை 1984-இல் ஹசன் ஆரெஃப் நிறுவினார். 2002-இல் ஆபிரகாம் ஸ்ட்ரூக்கும் சகாக்களும் கால்வாயின் அடித்தளத்தில் மீன்முள் வடிவ வரிப்பள்ளங்களைச் செதுக்கி அதைச் செய்தே காட்டினார்கள். அசையும் உறுப்பு எதுவும் அதில் இல்லை.

நம்பிக்கை 4: கால்வாயை இன்னும் குறுக்கினால் போதும்.

உண்மை: பரவும் தூரம் குறைவது நிஜம்தான். ஆனால் அதே அளவு திரவத்தைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். வினையில் திடத்துகள் உருவானால் அடைப்பும் சேர்ந்துகொள்ளும்.

நம்பிக்கை 5: இது ஆய்வகத்தோடு நிற்கும் விளையாட்டு.

உண்மை: கோவிட் காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் கொழுப்புத் துகள்கள், நீர்க் கரைசலும் எத்தனால் கரைசலும் நொடிப்பொழுதில் கலப்பதால்தான் ஒரே சீரான அளவில் உருவாகின்றன. உலகுக்கே தேவைப்பட்டபோது ஃபைசர் நிறுவனம் கலப்பானைப் பெரிதாக்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கலப்பான்கள் பலவற்றை இணையாக ஓட்டியது. சென்னையிலும் இந்த அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் பேராசிரியர் ஆஷிஷ் குமார் சென் நடத்தும் நுண்பாய்மவியல் பாடத்தை என்.பி.டெல் தளத்தில் எவரும் இலவசமாகக் கேட்கலாம்.

நம்பிக்கை 6: நிறம் ஒன்றானால் கலந்தாயிற்று.

உண்மை: மேலிருந்து நோக்கும் மைக்ராஸ்கோப்புக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் நீலமும் மஞ்சளும் பச்சையாகவே தெரியும். வேதிச் சோதனை இப்படி ஏமாறாது. வில்லெர்மோ–டுஷ்மன் முறையில் அயோடைடு, அயோடேட், போரேட் சேர்ந்த கரைசலோடு அமிலம் சந்திக்கிறது. கலவை வேகமாக நடந்தால் போரேட் முந்திக்கொண்டு அமிலத்தைப் பிடித்துவிடும், கரைசலில் நிறம் வராது. தாமதித்தால் அயோடின் உருவாகி மஞ்சள் நிறம் தலைகாட்டும். நுண்கால்வாய் உலை வாங்க முனையும் ஆலைகள், தாங்கள் ஓட்டப்போகும் அதே வேகத்தில் இந்தச் சோதனையைக் கண்முன் செய்துகாட்டும்படி விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.