பழைய மேசைக்குப் புதுவாழ்வு



சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கையெழுத்து நாளுக்கு நாள் கோணலாகி வரக் கண்டோம். "வீட்டில் எங்கே அமர்ந்து எழுதுகிறாய்?" என வினவினோம். "தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறேன், ஐயா" என்றான். அடுத்த வாரம் அவனுடைய தந்தையார், பழம்பொருள் கடையில் வாங்கிய மேசை ஒன்றுடன் பள்ளிக்கு வந்தார். அதன் ஒரு கால் ஆடியது. சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. "பிறர் கழித்துப் போட்டதைப் பிள்ளைக்குக் கொடுக்கிறேனே, ஐயா" என்று கூறித் தலைகுனிந்தார். அவர் தலைகுனிய வேண்டுவதில்லை என்பதைக் கூறவும், அத்தகைய பொருளைச் செப்பனிடும் முறையை விளக்கவுமே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அம்மேசையின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தபோது வெளிர்மஞ்சள் நிற மரம் தெரிந்தது. அது நம் பால்மரமே! 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் 9 கன்றுகள் நம் பேராவிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பின்னர் மறுநடவுக்காக வெட்டப்படும். வெட்டிய மரத்தை முற்காலத்தில் பெரும்பாலும் விறகாகவே எரித்தனர். காரணம் என்ன? அதில் மாவுச்சத்து மிகுதி. ஆதலால் வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணமும் துளைவண்டும் பற்றிக்கொள்ளும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்துடன் மரத்துள் செலுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே நிலைமை மாறியது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகமும் இம்மரத்தை ஆராய்ந்தது. 1980களில் ரப்பர் மரத் தளவாடங்கள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறலாயின. அடுப்பில் எரிந்த மரம் மேசையானது அன்றோ! நம் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அம்மரமோ நம் வீட்டில் இன்னும் நிற்கின்றது.

இனி, செய்முறையைக் காண்போம்.

முதலாவது, சோதித்தல். மேசையைக் கவிழ்த்துத் துளைகள் உளவா எனப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து ஓரிரு வாரம் விட்டுவைக்க வேண்டும். தாளில் மாவு போன்ற புதுத்தூள் உதிர்ந்திருந்தால் வண்டு உயிருடன் இருக்கின்றது என்பது பொருள். கத்திமுனை எளிதில் இறங்குமளவிற்கு உளுத்த மரத்தை விலைக்கு வாங்காதிருப்பதே நன்று.

இரண்டாவது, ஆடும் காலை இறுக்குதல். பலர் ஓர் ஆணியை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்பர். ஆணி மரத்தைப் பிளக்கும். ஆட்டமும் விரைவில் திரும்பும். பொருத்தைக் கழற்றி, காய்ந்த பழம்பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். புதுப்பசை மரத்துள் ஊறினால்தான் பிடிக்கும், பழம்பசையின்மேல் ஊறாது. வெள்ளை மரப்பசையைத் தடவிப் பொருத்தியபின் கயிற்றைச் சுற்றி, அதனிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் முழுதும் அசையாமல் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பழஞ்சாயத்தை நீக்குதல். பெற்றோர்களே, இவ்விடத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய சாயங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அமெரிக்க நாடு 1978ஆம் ஆண்டிலேயே வீட்டுச் சாயத்தில் அதனைத் தடைசெய்தது. ஈயத்தூள் வயிற்றினுள் சென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதில் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. எனவே, வயதறியாத சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது; தீயால் வாட்டவும் கூடாது. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, வாயையும் மூக்கையும் தகுந்த முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, நீரால் நனைத்துச் சுரண்ட வேண்டும். உதிர்ந்தவற்றை ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பைக்குள் கட்டி அகற்ற வேண்டும். பிள்ளையின் படிப்பிற்காகச் செய்யும் மேசை, அவன் அறிவிற்கே கேடாகலாமா?

நான்காவது, மேற்பரப்பைச் சீராக்குதல். சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி உலர்த்துக. மரத்தூளைப் பசையுடன் குழைத்துப் பள்ளங்களை அடைத்துக் காயவிடுக. சாயம் முற்றும் நீங்கிய வெறுமரத்தை 120ஆம் எண் உப்புத்தாளாலும், பின்னர் 240ஆம் எண்ணாலும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

ஐந்தாவது, சாயம் பூசுதல். முதலில் அடிப்பூச்சு ஒன்று. அதன்பின் மெல்லிய மேற்பூச்சு இரண்டு. ஒவ்வொன்றும் ஓர் இரவு முழுதும் உலர்தல் நலம். கால்களின் அடிமுனை நீரை உறிஞ்சும் இடமாதலால் அதனையும் மறவாமல் பூசுக.

இவ்விடத்தில் நம் பிழையையும் மறைக்காமல் கூறிவிடுகின்றோம். அம்மாணவனின் மேசைக்கு அடைப்பு உலருமுன்னரே, மழைநாள் மாலையொன்றில், ஒரே தடிப்பாகச் சாயம் பூசினோம். மேற்புறம் காய்ந்து தோல்போல் மூடிக்கொள்ள, உட்புறம் ஈரமாகவே நின்றது. மூன்றாம் வாரத்தில் கொப்புளங்கள் எழுந்தன. அனைத்தையும் சுரண்டி மீண்டும் தொடங்க நேர்ந்தது. இம்முறை அவன் தந்தையாரே தூரிகையைப் பிடித்தார்; நாம் அருகில் நின்றோம். நம்மைவிட அவர் கைக்குப் பொறுமை மிகுதி என்பதை அன்று கண்டோம். பட்டை காயமுறாமல் நாள்தோறும் மெல்லியதாகப் பால்மரம் சீவிய கையன்றோ அது!

இன்று அம்மேசை அவன் வீட்டுச் சன்னலோரம் நிற்கின்றது. கையெழுத்தும் நேராகி வருகின்றது. தந்தையார் இப்பொழுது பக்கத்து வீட்டாரின் நாற்காலியைச் செப்பனிட்டுக் கொண்டிருக்கின்றார். உழைத்துச் சீராக்கிய பொருளில் இழிவு சிறிதுமில்லை என்பதை நாம் எல்லோரும் உணர்வோமாக.

மாணவர் சிந்தனைக்கு:
1. ரப்பர் மரத்தில் வண்டு எளிதில் பற்றுவதேன்?
2. பழைய சாயத்தை நனைத்துச் சுரண்டுவதேன்?
3. தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சு இரண்டு சிறந்தது எவ்வாறு?
4. உங்கள் வீட்டிலுள்ள பழைய மரப்பொருள் ஒன்றன் வரலாற்றைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.